ஜாஸ் வீதி – 12: விரலால் கேட்ட கேள்விகள்

சென்ற வாரம் நியூயார்க்கின் 52ஆம் தெருவைச் சுற்றி வந்தோம். அந்தத் தெருவில் ஹிக்கரி ஹவுஸ் என்று ஓர் உணவகம் இருந்தது. அங்கே 1950களின் பெரும்பகுதி தன் மூவர் குழுவோடு பியானோ வாசித்தவர் மரியன் மெக்பார்ட்லண்ட். அவர் ஊரறிந்தவரானது பின்னாளில், வானொலியால்.

மரியன் 1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கில்ட்ஹாலில் செவ்வியல் இசை படித்துக்கொண்டிருந்தபோது, 1938இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேடைக் குழுவோடு கிளம்பினார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காக வாசிக்கப் போன இடத்தில் சிகாகோவின் கார்னெட் கலைஞர் ஜிம்மி மெக்பார்ட்லண்டைச் சந்தித்தார். 1945இல் ஜெர்மனியில் கல்யாணம், அடுத்த ஆண்டு அமெரிக்கா. அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு சுமார்தான். ஆங்கிலேயர், வெள்ளையர், போதாக்குறைக்குப் பெண். இவர் தேற மாட்டார் என்று எழுதினார் விமர்சகர் லெனர்ட் ஃபெதர். இதில் வேடிக்கை, ஃபெதரும் லண்டனில் பிறந்த வெள்ளையர்தான்!

1970களில் தென் கரோலினா கல்வி வானொலிக்கு ஒரு புதிய இசை நிகழ்ச்சி தேவைப்பட்டது. மரியனின் பெயரைச் சொன்னவர் இசையமைப்பாளர் அலெக் வைல்டர். ‘பியானோ ஜாஸ்’ 1979 ஏப்ரலில் என்.பி.ஆர். வழியாக அமெரிக்கா முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. ஏற்பாடு எளிமையானது. ஒரு ஸ்டூடியோ, இரண்டு பியானோ, ஒரு மணி நேரம். விருந்தாளி கொஞ்சம் பேசுவார், கொஞ்சம் வாசிப்பார். பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். முதலில் ஒலிப்பதிவுக்கு வந்தவர் மேரி லூ வில்லியம்ஸ்.

பேட்டி எடுப்பவரும் அதே தொழில்காரர் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு, 1978 நவம்பரில் பதிவான பில் எவன்ஸ் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். எவன்ஸ் அதிகம் பேசாதவர், மேடையில் பியானோ மேல் கவிழ்ந்தபடி வாசிப்பவர். அப்படிப்பட்டவர் இங்கே வகுப்பே எடுக்கிறார். கற்பனையாக வாசிப்பது என்றால் மனம்போன போக்கில் போவதல்ல, பாட்டின் அடிப்படைக் கட்டுமானம் முதலில் மனதில் நிற்க வேண்டும் என்கிறார். சொல்லிவிட்டு, எலும்புக்கூடு மாதிரி சில சுரங்களை மட்டும் வாசித்துக் காட்டி, அதன்மேல் சதை எப்படி ஏறுகிறது என்று விளக்குகிறார்.

பேச்சு தாளத்துக்குத் திரும்புகிறது. ஒரு சொற்றொடரை எதிர்பார்க்கும் இடத்தில் தொடங்காமல், சற்று முன்னோ பின்னோ தள்ளித் தொடங்குவது எவன்ஸின் தனி முத்திரை. நம் கச்சேரி ரசிகர்களுக்கு இது புதிதல்ல. எடுப்பைச் சமத்திலிருந்து நகர்த்தினால் தாளத்தில் உண்டாகும் இழுபறிதான் இதுவும். எவன்ஸ் வாசித்துக் காட்டக் காட்ட, மரியன் இடையிடையே ஒரு சக கலைஞராகக் கேள்வி கேட்கிறார். சொந்த வாழ்க்கையைத் துருவுவதில்லை. அதனால்தான் எவன்ஸ் தாராளமாகப் பேசுகிறார். இரண்டு வருடம் கழித்து, 51 வயதில் அவர் காலமானார். இன்றும் பியானோ மாணவர்கள் இந்த ஒலிப்பதிவைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள்.

இரண்டு பியானோ சேர்ந்து வாசிப்பது கேட்க சுகம், செய்யக் கஷ்டம். பியானோ கலைஞரின் இடது கைதான் அடிநாதமும் கார்டும் தரும். இரண்டு இடது கைகளும் ஒரே நேரத்தில் கீழ் சுரங்களில் இறங்கினால் எல்லாம் ஒன்றோடொன்று மோதி, குழம்பிப்போகும். ஆகவே ஒருவர் மெட்டைப் பிடித்தால் மற்றவர் ஒதுங்கி நின்று தாங்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். ஹிக்கரி ஹவுஸுக்கு வந்துபோன டியூக் எலிங்டன் ஒருமுறை மரியனிடம், ‘நீ எவ்வளவு சுரங்கள் வாசிக்கிறாய்!’ என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். பாராட்டு என்று மகிழ்ந்தவருக்கு, அது குட்டு என்று பிறகுதான் உறைத்தது. இதை மரியனே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். குட்டு வீண்போகவில்லை என்பதற்கு இந்த இருவர் வாசிப்புகளே சாட்சி.

விருந்தாளிகளின் பட்டியலும் சாமானியமானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிறந்த ராக்டைம் கிழவர் யூபி பிளேக் வந்தார். சட்டகமே வேண்டாம் என்ற செசில் டெய்லரும் வந்தார். மரியன் அவரோடும் ஈடுகொடுத்து வாசித்தார். டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி பியானோ முன் உட்கார்ந்தார். ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் பாடினார். விருந்தாளியின் குணத்தை அந்த இடத்திலேயே ஓர் இசைச் சித்திரமாக வாசித்துக் காட்டுவதும் மரியனின் வழக்கம். ஒவ்வொரு சுருதிக்கும் அவர் மனதில் ஒரு நிறம் உண்டு. ‘டி’ என்றால் மஞ்சள், ‘பி ஃபிளாட்’ நீலம்.

1983இல் நிகழ்ச்சிக்குப் பீபடி விருது. மரியன் 2011இல், 93 வயதில்தான் ஓய்வை அறிவித்தார், 2013இல் மறைந்தார். ஜாஸ் கலைஞர்களின் குடியும் காதலும் கடனும் ஏராளமான புத்தகங்களில் இருக்கின்றன. அவர்கள் ஒரு பாட்டை எப்படி யோசித்தார்கள் என்பது அவர்கள் குரலிலும் விரலிலும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். எதிரே இருந்தவருக்கு அந்தப் பதிலை வாசித்துச் சரிபார்க்கத் தெரிந்திருந்ததால் அது சாத்தியமானது.

அடுத்த வாரம்: அந்த முதல் விருந்தாளி. கான்சஸ் சிட்டியில் ஆண்கள் நிறைந்த இசைக்குழுவுக்கே பாட்டமைத்துக் கொடுத்த மேரி லூ வில்லியம்ஸ்.

(தொடரும்)