ஒரு புள்ளிக்கு இரண்டு மணி நேரம்

1936இல் பிராக் நகரில் நடந்த உலக டேபிள் டென்னிஸ் போட்டியில் போலந்தின் அலோய்சி எர்லிக்கும் ருமேனியாவின் ஃபார்காஷ் பானெத்தும் மோதினார்கள். முதல் புள்ளி முடியவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இருவரும் அடித்து ஆடாமல், வந்த பந்தைத் தள்ளித் தள்ளி வலைக்கு அப்பால் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். விதியை யாரும் மீறவில்லை. அதைத் தடுக்க விதியே இல்லை.

நேர வரம்பு வந்தது. 1937இல் ஆஸ்திரியாவின் பாடனில் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம் அந்த வரம்பைத் தாண்டியதால், ரூத் ஆரன்ஸ், டிரூட் பிரிட்ஸி இருவரையுமே தகுதி நீக்கம் செய்தார்கள். இருவரும் கூட்டுச் சாம்பியன்கள் என்று 2001இல்தான் அறிவித்தார்கள். விதியின் குறைக்கு ஆடியவர்களைத் தண்டித்தது அநியாயம்.

இன்றைய ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. ஒரு கேம் 10 நிமிடம் ஓடியும் இருவர் புள்ளிகளும் சேர்ந்து 18ஐத் தொடாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் சர்வ் கை மாறும். சர்வை எதிர்கொள்பவர் 13 முறை பந்தைச் சரியாகத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே. சர்வ் போட்டவர் அதற்குள் தாக்கி முடித்தாக வேண்டும்.

2001 செப்டம்பரில் கணக்கே மாறியது. 21 புள்ளி கேம் 11 ஆனது. ஆளுக்கு 5 சர்வ் என்பது 2 ஆனது. 10-10 வந்தால் ஒவ்வொரு சர்வாக மாறி மாறிப் போட்டு, இரண்டு புள்ளி முந்துபவரே வெல்வார். பழைய முறையில் தொடக்கத்தில் கோட்டைவிட்டாலும் நிதானமாக மீள இடமிருந்தது. இப்போது முதல் சர்விலிருந்தே கவனம் வேண்டும். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கும் 11தான் நல்லது. ஒரே மேசையைச் சுற்றிக் காத்திருப்பவர்களுக்குச் சீக்கிரம் முறை வரும்.

கிளப்களிலும் அலுவலகங்களிலும் சொந்தச் சட்டங்கள் சில உலவுகின்றன. 7-0 ஆனால் ஆட்டம் முடிந்தது என்பார்கள். விதிநூலில் அப்படி இல்லை. ஒற்றையர் ஆட்டத்தில் சர்வைக் குறுக்காகத்தான் போட வேண்டும் என்பதும் தவறு. அது இரட்டையருக்கு மட்டும். மேசையின் மேல்விளிம்பில் பட்ட பந்து நல்ல பந்து, பக்கவாட்டில் பட்டால் இல்லை. மட்டை பிடித்த கையின் விரலில் பட்டுப் போன பந்தும் செல்லும். மற்றக் கை ஆட்டத்தின் நடுவே மேசைப் பரப்பைத் தொட்டாலோ புள்ளி எதிராளிக்கு.