நம்ம பூங்காவில் பொது நீச்சல் குளம் வருமா? யார் முடிவு செய்கிறார்கள், நாம் எப்போது பேசலாம்?

கொண்டோவில் வளரும் பிள்ளைக்கு நீச்சல் குளம் என்பது லிஃப்டில் இறங்கினால் இருக்கும் ஒன்று. பிபிஆர் அடுக்குமாடியிலோ பழைய தரை வீட்டிலோ வளரும் பிள்ளைக்கு அப்படி இல்லை. பக்கத்தில் பொதுக் குளம் இருந்தால்தான் உண்டு.

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ளது பங்சார் விளையாட்டு வளாகத்தில் இருக்கும் டிபிகேஎல் குளம். பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் போனால், 1953இல் திறக்கப்பட்ட சின் வூ அரங்க வளாகத்திலும் ஒரு குளம் உண்டு. ஆனால் அது அரசாங்கத்துடையது அல்ல, ஒரு சங்கத்துடையது.

நீச்சல் வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை. 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் 5 வயதுக்கும் குறைவான குழந்தைகள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் சொல்லிக் கொடுங்கள் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று.

ஆகவே, "நம்ம ஏரியா பூங்காவிலேயே ஒரு குளம் கட்டினால் என்ன?" என்று கேட்பது நியாயம்தான். "இருக்கிற பச்சை இடமும் போய்விடுமே" என்று பயப்படுவதும் நியாயம்தான். இரண்டு தரப்புமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று: பேச வேண்டிய நேரம் எது?

முதல் கேள்வி: நிலம் என்ன நிலம்?

பார்க்கப் பூங்கா போல இருந்தாலும், காகிதத்தில் அது பூங்காவாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி, மாநில அரசு ஒரு நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி கெஜட் செய்யலாம். அப்படிச் செய்துவிட்டால் அந்த நிலத்துக்கு ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டுமென்றால், கெஜட்டில் அறிவித்து விசாரணை நடத்த வேண்டும்.

ஆனால் ஒதுக்கப்பட்ட நிலத்தையும் குத்தகைக்கு விட முடியும். 63ஆவது பிரிவு அதிகபட்சம் 21 ஆண்டுகள் வரை அனுமதிக்கிறது. ஒதுக்கப்பட்ட நோக்கத்துக்கு அந்தக் குத்தகை முரணாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பொழுதுபோக்குக்காக ஒதுக்கிய நிலத்தில் நீச்சல் குளம் பொருந்தும். குளத்தோடு சேர்ந்து உணவகம், ஜிம், பெரிய கார் நிறுத்துமிடம் என்று பட்டியல் நீளும்போதுதான் கேள்வி கேட்க வேண்டி வரும்.

இரண்டாவது கேள்வி: கட்டப் போவது யார்?

பலர் கவனிக்காத இடம் இதுதான். கிள்ளான் உட்பட சிலாங்கூர் முழுவதற்கும் பொருந்துவது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். அதாவது சட்டம் 172.

ஒரு தனியார் நிறுவனம் குத்தகை எடுத்துக் குளம் கட்டுகிறது என்றால், அது முதலில் கெபெனாரான் மெராஞ்சாங் எனப்படும் திட்டமிடல் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் ஊராட்சி மன்றத்தின் ஓஎஸ்சி மையத்துக்குப் போகும். அங்கிருந்து தீயணைப்புத் துறை, வடிகால் துறை, ஆயர் சிலாங்கூர், இண்டா வாட்டர் போன்ற தரப்புகளின் கருத்து கேட்கப்படும். உள்ளூர்த் திட்டத்துக்கு, அதாவது ரன்சாங்கான் தெம்பாத்தானுக்கு, முரணான விண்ணப்பத்துக்கு அனுமதி தரக் கூடாது. இதற்குப் பிறகுதான் கட்டட வரைபட அனுமதி, கட்டுமானம், கடைசியில் சிசிசி சான்றிதழ்.

ஆனால் ஊராட்சி மன்றமே கட்டினால்? சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தைத் தவிர வேறு யாரும் அனுமதி இல்லாமல் மேம்பாடு செய்யக் கூடாது என்கிறது. அந்தத் "தவிர" என்ற சொல்லைக் கவனியுங்கள். மன்றம் தன் சொந்தத் திட்டத்துக்கு அந்த அனுமதியை வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் உள்ளூர்த் திட்டத்தை மீறி நிலத்தைப் பயன்படுத்த முடியாது.

அப்படியானால் மன்றம் கட்டும் குளத்தைப் பற்றிப் பேச இரண்டு இடங்கள்தான் முக்கியம். ஒன்று, உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும் காலம். அப்போது யார் வேண்டுமானாலும் எழுத்துப்பூர்வமாகக் கருத்து தரலாம். மற்றொன்று, மன்றக் கூட்டம். சட்டம் 171இன்படி, மன்றம் வேறு மாதிரித் தீர்மானித்தால் தவிர, முழு மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். அங்கே நீங்கள் எழுந்து பேச முடியாது. உங்கள் சார்பில் பேசும்படி மன்ற உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வார்களா?

எப்போதும் இல்லை. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில்தான், தனியார் விண்ணப்பத்தைப் பற்றி அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சட்டம் 172 சொல்கிறது. நோட்டீஸ் கிடைத்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

உள்ளூர்த் திட்டம் இருக்கும் பகுதியில் அந்த நோட்டீஸ் கட்டாயம் இல்லை. திட்டத்தை வரைந்தபோதே உங்களிடம் கருத்து கேட்டாயிற்று என்பது சட்டத்தின் கணக்கு. அந்த நேரத்தில் நீங்கள் படிவம் ஐந்தில் இருந்தீர்களோ என்னவோ! இன்னொன்று, சட்டம் பேசுவது உரிமையாளரைப் பற்றி. வாடகைக்கு இருப்பவருக்கு நோட்டீஸ் வராது.

கோலாலம்பூரில் மட்டும் ஏன் வேறு மாதிரி?

கூட்டரசுப் பிரதேசத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அது 1982ஆம் ஆண்டின் சட்டம் 267. அங்கே தேவைப்படுவது மேம்பாட்டு ஆணை. அதைத் தருபவர் டத்தோ பண்டார். மன்ற உறுப்பினர்கள் கிடையாது. நிலப் பயன்பாட்டையோ அடர்த்தியையோ மாற்றும் விண்ணப்பம் என்றால், அந்த இடத்தில் அறிவிப்புப் பலகை வைக்கப்படும். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் அதில் இருக்கும். எந்த நிலம் எதற்கு என்பதைச் சொல்லும் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040, கடந்த 2025இல் நடப்புக்கு வந்தது.

அந்தத் திட்ட ஆவணங்களுக்கு எவ்வளவு பலம் என்பதை ஒரு வழக்கு காட்டியது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் உயரமான அடுக்குமாடிகள் கட்ட 2017இல் மேம்பாட்டு ஆணை கிடைத்தது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. திட்ட ஆவணத்தில் இருந்து விலகினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது அதில் கிடைத்த முக்கியப் பாடம்.

அந்த வழக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே நீள்வீடுகளில் வசிப்பவர்கள் முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்கள், சுமார் 100. அவர்களுக்கான வீடுகளும் அதே திட்டத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தன. பூங்கா காப்பாற்றப்பட்டது, வீட்டுக்கான அவர்களின் காத்திருப்பு நீண்டது. திட்டம் முடிவான பிறகு நடக்கும் சண்டையில் ஆண்டுகள் போகும். அதன் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள்.

குளம் என்றால், எந்த மாதிரிக் குளம்?

கேஎல்சிசி பூங்காவில் பிள்ளைகள் விளையாடுவது ஆழமில்லாத குளம். அதில் நீச்சல் கற்க முடியாது. ஷா ஆலம் ஏரிப் பூங்காவில் அமைக்கப்பட்ட வெட் வேர்ல்ட், டிக்கெட் வாங்கிப் போகும் நீர் விளையாட்டுப் பூங்கா. 6 தடங்கள் கொண்ட 25 மீட்டர் குளம் வேறு ரகம். சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்று வைத்தால் அதற்கே சுமார் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 2 மீட்டர் ஆழமுள்ள ஒலிம்பிக் குளத்துக்கு 25 லட்சம் லிட்டர்.

தண்ணீரை நிரப்பினால் வேலை முடிந்தது என்றில்லை. பம்ப் ஓட வேண்டும், குளோரின் அளவைத் தினமும் பார்க்க வேண்டும், உயிர்காப்பாளருக்குச் சம்பளம் தர வேண்டும். கட்டுவதற்கு ஒரு முறைதான் பணம். நடத்துவதற்கு ஒவ்வொரு மாதமும் பணம். அதனால் கட்டணம் எவ்வளவு, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, ஓகேயூ நண்பர்கள் தண்ணீருக்குள் இறங்க வசதி உண்டா என்பதை எல்லாம் திட்ட நிலையிலேயே கேட்க வேண்டும்.

சரி, இப்போது நாம் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பூங்கா கெஜட் செய்யப்பட்டதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்து, உள்ளூர்த் திட்டத்தில் அந்த நிலத்துக்கு என்ன குறித்திருக்கிறார்கள் என்று உங்கள் ஊராட்சி மன்றத்தில் பாருங்கள். கிள்ளான் என்றால் எம்பிடிகே, பிரிக்பீல்ட்ஸ் என்றால் டிபிகேஎல். பிறகு, கட்டப் போவது மன்றமா தனியாரா, நடத்தும் செலவு யாருடையது என்று எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் புலம்புவது பதிவில் ஏறாது. தேதி போட்ட கடிதம் ஏறும்.

குளம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். இயந்திரம் வந்து மண்ணைத் தோண்டும் வரை காத்திருக்காதீர்கள்.