நாவலிலிருந்து களத்திற்கு

ஜப்பானில் பதின்பருவத்தினரை முதன்மையாகக் கருதி, கையடக்க அளவில், இடையிடையே ஓவியங்களுடன் அச்சிடப்படும் விறுவிறுப்பான கதைநூல்கள் ‘லைட் நாவல்’ எனப்படுகின்றன. இவ்வகை நூல்களுக்குப் பெயர்பெற்ற ‘டெங்கெகி புன்கோ’ என்னும் பதிப்பு வரிசை 1993இல் தொடங்கப்பட்டது. அதன் இருபதாண்டு நிறைவையொட்டி உருவாகி, 2014இல் முதலில் ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களிலும் பின்னர் பிளேஸ்டேஷன் கருவிகளிலும் வெளிவந்ததே, சேகா நிறுவனத்தின் ‘டெங்கெகி புன்கோ: ஃபைட்டிங் கிளைமாக்ஸ்’ என்னும் சண்டை விளையாட்டு.

அவ்வரிசையில் வந்த வெவ்வேறு படைப்புகளின் மாந்தர் ஒரே களத்தில் மோதுவதால் இது ‘கிராஸ்ஓவர்’ வகையைச் சேரும். வாளேந்திப் போரிடும் கதைநாயகியரான ஷானாவையும் அசுனாவையும் இவ்வாறு மோதவிடுவது எளிது. பள்ளிக் காதல் கதையான ‘டோராடோரா’வின் டைகாவை என்ன செய்வது? மூலக்கதையில் அவள் மரவாளோடு ஒருவன் வீட்டுக்குள் புகுந்து தாக்கும் காட்சியொன்று உண்டு. அந்த மரவாளே இங்கும் அவளுடைய படைக்கலமாயிற்று. நாணயத்தைச் சுண்டி மின்விசையால் ஏவும் மிசாக்கா மிக்கோத்தோ என்னும் மற்றொரு நாயகியின் தாக்குதலும் அவளுடைய கதையிலிருந்தே வந்தது. களமிறங்காத மாந்தர் சிலர், ஒரு பொத்தானை அழுத்தியதும் நொடிப்பொழுது தோன்றி உதவிவிட்டு மறையும் துணைவர்களாக அமைகின்றனர். வாசகருக்கு இவர்களை அடையாளம் காண்பதிலேயே பாதி இன்பம்.