மதுரை நகரும் நிழற்படச் சான்றும்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் வரையறுக்கும் முறையைத் தமிழறிஞர் நன்கு அறிவர். பழைய ஏடு ஒன்று கிடைப்பின், பிற்காலத்தார் சேர்த்தவை யாவை, விட்டவை யாவை என்பன விளங்கும். நகரங்களுக்கும் இத்தகைய ஏடுகள் உண்டு. பழைய நிழற்படங்களே அவை. இலக்கியம் பயில்வோர் பலர் இவற்றைக் கலைஞர்க்கும் பொறியாளர்க்கும் உரியன என ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்குதல் தகாது என்பதை மதுரையைக்கொண்டு விளக்கலாம்.

சென்னை மாகாண அரசு 1856இல் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பாரைத் தன் நிழற்படக்காரராக அமர்த்தியது. 1857 டிசம்பரில் தென்னாட்டுச் செலவை மேற்கொண்ட அவர், 1858இல் மதுரையைப் படம் பிடித்தார். மெழுகிட்ட தாளே அவர்க்கு நிழற்படத் தகடாக உதவியது. திருக்கோயில், புதுமண்டபம், இராயகோபுரம், தெப்பக்குளம், வையைப் பாலம், திருமலை நாயக்கர் அரண்மனை ஆகியன அவர் படங்களில் உள்ளன. செலவு மிகுதியென்று கருதிய அரசு, சில ஆண்டுகளிலேயே அப்பணியை நிறுத்திவிட்டது. நின்ற பணி நின்றது. கிடைத்தவரை நமக்கு ஊதியமே.

இவற்றுள் அரண்மனைப் படங்கள் தனிச் சிறப்புடையன. திருமலை நாயக்கர் (1623-1659) எடுப்பித்த அம்மாளிகை பெரும்பகுதி அழிந்து, எஞ்சிய பகுதியும் சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1866-1872) அது பழுதுபார்க்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் தூண்களையும் வளைவுகளையும் சுதை வேலைப்பாடுகளையும் கண்டு, அனைத்தும் பதினேழாம் நூற்றாண்டின என எழுதிவிடுகின்றனர். எது நாயக்கர் காலத்துச் சுதை, எது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொத்தர் கைவேலை என்று எங்ஙனம் பிரித்தறிவது? பழுதுபார்ப்புக்கு முற்பட்ட படத்தையும் இன்றைய சுவரையும் பகுதி பகுதியாக ஒப்பிடுதல் வேண்டும். பாடவேறுபாடு காண்பார்க்கு இது புதிய தொழில் அன்று.

எனினும் ஏட்டில் இடைச்செருகல் இருத்தல்போல, நிழற்படத்திலும் உண்டு. டிரைப் தம் தாள்களின்மேல் வண்ணம் தீட்டி, வானில் இல்லாத முகில்களை உண்டாக்கினார். அன்றியும், அக்காலத்து முறையில் ஒளி நெடுநேரம் தாளில் படிதல் வேண்டும். ஆதலின் நடமாடுவோர் உருவம் பதியாது. அப்படங்களில் தெருக்கள் வெறிச்சோடித் தோன்றுவதைக் கண்டு, அன்றைய மதுரை ஆளற்றுக் கிடந்தது என முடிவு கட்டுதல் பேதைமை.

அவர் எடுத்த படங்களுள் ஒன்று விளக்குத்தூண். நாள்தோறும் பல்லாயிரவர் அதனைக் கடந்து செல்கின்றனர். ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த பிளாக்பர்ன் என்பார்க்கு நகரத்தார் எடுத்த நினைவுச் சின்னம் அது. அவர் காலத்திலேதான் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளிவீதிகள் உருவாயின. அப்பணியில் ஈடுபட்ட நிலஅளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகியோர் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என இன்றும் வழங்குகின்றன. பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியுள்ள கொத்தளத்தையும் இவ்வீதிகளையும் விளக்குத்தூணையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றி, மறைந்த மதிலின் வரலாறு புலனாகாது.

பழைய படங்களைப் படிப்பதோடு அமையாது, மாணவர் தாமும் படம் எடுத்தல் வேண்டும். அழகிய படம் வேண்டுவதில்லை. அந்திவானத்தின்முன் கோபுரம் நிற்கும் படம் ஆயிரக்கணக்கில் உள்ளது. அதனால் ஆராய்ச்சிக்கு யாதும் பயன் இல்லை. தூணின் நாற்புறமும், அளவுகோலுடன், நாளும் திசையும் குறித்து எடுக்கப்பட்ட சுவையற்ற படமே சான்றாகும். தேய்ந்த கல்லெழுத்து நண்பகலில் தோன்றாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் படும்போது பள்ளத்தில் நிழல் தங்கி, எழுத்து எழுந்து நிற்கும். வெயில் எட்டாத இடத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, அதன் திசையை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்தல் நலம்.

இதில் காலந்தாழ்த்தல் கூடாமைக்குக் காரணம் உண்டு. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. கூரைக் கற்கள் சரிந்தன, தூண்கள் சிதைந்தன. புதிய தூண் செதுக்கும் சிற்பிக்குப் பழைய தூணின் ஒவ்வொரு முகத்தையும் காட்டவல்லது முன்னர் எடுத்த படம் ஒன்றே. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் முதல், நீதிமன்ற ஆணைப்படி, கோயிலினுள் கைப்பேசி கொண்டுசெல்லுதல் தடுக்கப்பட்டது. பாதுகாப்புக் கருதிய அவ்வாணையைக் குறைகூறுவதற்கில்லை. கோயிலுக்கு வெளியே பணி மிகுதியாகவே உள்ளது.

இராயகோபுரத்திலிருந்து அதனைத் தொடங்கலாம். திருமலை நாயக்கர் தொடங்கி முற்றுப்பெறாது நின்ற அக்கோபுரத்தில், ஐம்பது அடிக்கு மேற்பட்ட ஒற்றைக்கல் நிலைக்கால்கள் நிற்கின்றன. அவற்றிடையே தெரு செல்கின்றது. அடிப்பகுதியின் சிற்பங்களைக் கடைகளின் தட்டிகளும் பெயர்ப்பலகைகளும் மறைத்துள்ளன. எதிரேயுள்ள புதுமண்டபத்தை நிறைத்திருந்த கடைகள் அண்மை ஆண்டுகளில் வேறிடத்திற்கு மாற்றப்பட்டமையால், அங்குத் தூண்களை இப்போது தடையின்றிக் காணலாம். இராயகோபுரத்திற்கு அந்நாள் வரவில்லை. கடைகள் திறக்குமுன், கிழக்கு வெயில் கல்லின்மீது சாய்ந்து விழும் ஒரு மணி நேரமே அங்குப் படம் எடுப்பதற்கு ஏற்ற பொழுது.