எழுத்தின் முகம் – 17: கரடித் தம்பி

ஓர் எழுத்துருவின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள நான் அதில் முதலில் அடித்துப் பார்க்கும் சொல் ‘சேரன்மகாதேவி’ என்ற ஊர்ப்பெயர். இரட்டைக் கொம்பு இரண்டு முறை வருகிறது. ரகரமும் துணைக்காலும் ஒரே சொல்லில் இருப்பதால், சாடை வேறாக இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும். நடுவில் ரெண்டு சுழி ‘ன்’, தலையில் புள்ளியோடு நிற்கிறது. கடைசி ‘வி’யின் கொக்கி மேலே ஏறி வளைய இடம் கேட்கும்.

அந்த ஊர் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் இந்தப் பெயருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் கொட்டை எழுத்தில்தான்.

அங்கே கடைத்தெருவில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய், “அண்ணாச்சி, இந்தப் பேரை நல்ல கொட்டை எழுத்துல போட்டுக் காட்டுங்க” என்றேன். அவர் மெல்லிய எழுத்து ஒன்றை எடுத்து, அதே நிறத்தில் சுற்றிலும் கோடு கொடுத்தார். எழுத்து வீங்கியது. ‘ன்’னின் இரண்டு சுழியும் அடைத்துக்கொண்டு புளியங்கொட்டை ஆகிவிட்டது. “தூரத்துல இருந்து பாத்தா தெரியும் சார்” என்றார். தெரியத்தான் செய்தது, புளியங்கொட்டையாக.

தமிழுக்குத் தடித்த எழுத்து பிறவிக் குணம் அல்ல. எழுத்தாணி ஓலையில் ஒரே மெல்லிய கீறலாகத்தான் ஓடியது. அதில் தடிப்பு, மெலிவு என்ற பேச்சே இல்லை. புள்ளிகூடப் பெரும்பாலும் வைப்பதில்லை. அச்சுக்கு வந்த பிறகுதான் எழுத்துக்குச் சதை பிடித்தது. மூணு சுழி ‘ண’வையும் ரெண்டு சுழி ‘ன’வையும் சுழியை எண்ணியே படித்து வளர்ந்தவர்கள் நாம். தடிப்பை ஏற்ற ஏற்ற முதலில் சாகிறது அந்தச் சுழிதான். ஆகவே கொட்டை எழுத்து வரைகிறவர் கறுப்பைக் கூட்டினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வெள்ளையையும் காபந்து பண்ண வேண்டும். எழுத்தை அகலப்படுத்தி, நெருக்கமான இடத்தில் கோட்டை இளைக்கவைத்து, சுழியின் வாயைத் திறந்துவிட வேண்டும். மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கினால் நடக்கிற காரியம் இல்லை இது.

இதைச் சிரித்த முகத்தோடு செய்திருக்கும் எழுத்துரு ‘பாலு தம்பி’. மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கியது. தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். கூகுள் ஃபாண்ட்ஸில் காசில்லாமல் கிடைக்கிறது. இந்தியில் பாலு என்றால் கரடி. தேவநாகரியைத் தவிர ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் ஓர் உறவுமுறை வைத்தார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா, வங்காளத்துக்குத் தா, பஞ்சாபிக்குப் பாஜி. நமக்குத் தம்பி. மும்பைக்காரர்கள் யோசித்தார்களோ என்னவோ, தமிழ்க் காதில் ‘பாலு தம்பி’ என்றதும் கரடி வருவதில்லை, பக்கத்துத் தெருப் பாலசுப்பிரமணியன்தான் வருகிறான். கரடிக்கும் குறைவில்லை, சேரன்மகாதேவிக்கு மேற்கே களக்காடு–முண்டந்துறைக் காட்டில் நிறைய உண்டு.

‘சேரன்மகாதேவி’யை அதில் அடித்துப் பார்த்தேன். முனைகள் மழுங்கி, உடம்பு கொழுகொழுவென்று இருக்கிறது. ஆனாலும் ‘ன்’னின் சுழியில் வெளிச்சம் புகுகிறது. புள்ளி சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. முதலில் ஒரே பருமனில்தான் வந்தது; பின்னர் வந்த ‘பாலு தம்பி 2’ல் ஐந்து பருமன்கள். ஆனாலும் தம்பிக்கு அழகு ஆகத் தடித்த பருமன்தான். மெலிந்த கரடியை யார் பார்க்கப்போகிறார்கள்?

இதே சாதியில் மார்செலோ மகல்யாயிஸ் வரைந்த ‘காய்னி’ இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது, இன்னும் குண்டு. ‘அரிமா மதுரை’ வளைவுகள் மிருதுவான எழுத்து. அதை வரைந்த நத்தனயேல் காமாவும் ஜுவானா கொரெயாவும் போர்ச்சுக்கல் நாட்டவர்கள். இது எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. தமிழ் அச்செழுத்தில் 1578-ல் கொல்லத்தில் அச்சான 16 பக்க ‘தம்பிரான் வணக்கம்’ போர்த்துக்கீசியப் பாதிரிமார் கைவேலை. அதைத் தமிழாக்கிய அன்றிக் அடிகளார் நெடுங்காலம் இருந்தது புன்னைக்காயலில். சேரன்மகாதேவியைத் தொட்டுக்கொண்டு ஓடும் தாமிரபரணி கடலில் சேருவது அங்கேதான்.

அது சரி, பாலு தம்பி மாதிரி எழுத்தை ஏன் நம் கடைத்தெருப் பலகைகளில் அதிகம் காணோம்? காரணம் ரசனை அல்ல. பல கடைகளில் ஓடுவது கோரல் டிராவின் பழைய பதிப்பு. யூனிகோடு தமிழைக் கொடுத்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘சே’யும் ‘தே’யும் தலைகீழாகிவிடும். அதனால் இன்னும் பாமினி வகைப் பழைய குறியீட்டு எழுத்துகளிலேயே பிழைப்பு நடக்கிறது.

பேச்சு எழுத்துருவைப் பற்றி என்றாலும், பாய் நெய்யும் பத்தமடையைத் தாண்டி இந்த ஊருக்கு வந்தவன் அதைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரைக் கோரையிலேயே நெய்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாகப் போகும் நெசவில் சுழி ஏது? எல்லாம் படிக்கட்டுகள். எந்த வளைவைச் சதுரமாக்கினாலும் பெயரை வாசிக்க முடியும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பாலு தம்பியில் அடித்த ஊர்ப்பெயரை மடிக்கணினியில் படமாக மாற்றி, பென் டிரைவில் கொண்டுபோய் ஃப்ளெக்ஸ் கடை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தார். “சின்னப் புள்ளைக எழுத்து மாதிரில்லா இருக்கு. பேக்கரிக்காரர் ஒருத்தர் போர்டு கேட்டிருக்காரு, அவருக்குப் போட்டுரலாம்.”

“கண்ணீர் அஞ்சலிக்கு?”

“அதுக்கு வேண்டாம் சார். செத்தவரு சிரிக்க மாதிரி இருக்கும்.”

(தொடரும்)