உங்களுக்குத் தெரியுமா? தாலி கட்டாவிட்டாலும் தகப்பன் தகப்பன்தான்!

● ஜீவனாம்சம்: பெற்றோருக்குத் திருமணம் ஆகாவிட்டாலும், வசதியுள்ள தந்தை தன் மைனர் பிள்ளைக்கு ஜீவனாம்சம் தந்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 144ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நீதிமன்ற உத்தரவை மீறினால், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை.

● எங்கே மனுப் போடுவது? தந்தை நாமக்கல் லாரியில் வடமாநிலம் ஓடுபவரா? போகும் ஊருக்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. அவர் குடியிருக்கும் மாவட்டத்திலோ, குழந்தையின் தாயுடன் கடைசியாகக் குடியிருந்த மாவட்டத்திலோ மனுச் செய்யலாம்.

● காப்பாளர் யார்? இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகாத பெற்றோரின் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தாய். அவருக்குப் பிறகே தந்தை. பிள்ளையைப் பார்க்கவோ வளர்க்கவோ தந்தை நீதிமன்றம் போகலாம். அங்கே குழந்தையின் நலனே முதலில் பார்க்கப்படும்.

● பிறப்புச் சான்றிதழ்: மணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், தந்தை பெயர் இல்லை என்று சான்றிதழை மறுக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

● டிஎன்ஏ சோதனை: “என் பிள்ளையே இல்லை” என்று தந்தை மறுத்தால் நீதிமன்றம் சோதனைக்கு உத்தரவிடலாம். ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. அவசியம் இருந்தால் மட்டுமே.

● வக்கீல் செலவு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சேலம், நாமக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களை அணுகலாம். தொலைபேசி உதவிக்கு: 15100.