அபூர்வப் பல்லிகளின் சந்தை: இலாபம் எங்கே, நட்டம் எங்கே?

பல்லிக்கும் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். நம் வீட்டுச் சுவரில் பூச்சி பிடிக்கும் பல்லிக்கு யாரும் விலை பேசுவதில்லை. ஆனால் ஐக்கிய அமெரிக்கா, ஜேர்மனி, பிரித்தானியா, ஜப்பான், தென் கொரியா போன்ற நாடுகளில் அபூர்வ இனப் பல்லிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்ப்பதும், இனவிருத்தி செய்து விற்பதும் தனியொரு வர்த்தகத் துறையாகவே வளர்ந்துள்ளன. ஜேர்மனியின் ஹாம் நகரில் ஆண்டுக்குப் பல தடவைகள் நடைபெறும் ஊர்வனச் சந்தைக்கு ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் வளர்ப்பாளர்கள் வந்து கூடுகின்றனர். ஒரே ஒரு பல்லிக்கு ஆயிரக்கணக்கான டொலர்களைக் கொடுப்போரும் இருக்கின்றனர்.

அரிதான ஒன்றைக் கையில் வைத்திருந்தால் இலாபம் நிச்சயம் என்று நம்புவோர் இந்தத் துறையின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. லவ் பேர்ட்ஸ், புறா, அலங்கார மீன் என எதை வளர்த்து விற்போருக்கும் இது பொருந்தும்.

அழிந்ததாகக் கருதப்பட்ட பல்லி

அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசுபிக் சமுத்திரத்தில் நியூ கலிடோனியா என்ற தீவுக் கூட்டம் உள்ளது. இது பிரான்ஸின் ஆட்சிப் பிரதேசமாகும். அங்கு மாத்திரம் வாழும் ஒரு பல்லியை 1866 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் அல்போன்ஸ் கிஷெனோ விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தார். அதன் கண்களுக்கு மேலே இமைமயிர் போன்ற சிறு முட்கள் வரிசையாக இருக்கும். அந்த முட்கள் தலையோரமாக முதுகு வரை நீண்டு செல்லும். ஆங்கிலத்தில் இதற்குக் கிரெஸ்டட் கெக்கோ என்று பெயர்.

நீண்ட காலமாக எவரது கண்ணிலும் படாததால் இந்த இனம் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ரொபர்ட் சைப் தலைமையிலான குழுவினர் இதனை மீண்டும் உயிருடன் கண்டுபிடித்தனர். அதன் பின்னர் சில பல்லிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டு செல்லப்பட்டன. இப்போது நியூ கலிடோனியாவிலிருந்து இவற்றை வர்த்தகத்துக்காக வெளியே கொண்டு செல்ல முடியாது. ஆகவே இன்று உலகெங்கும் கடைகளில் விற்கப்படுபவை அந்த ஆரம்பகாலப் பல்லிகளின் சந்ததிகளேயாகும்.

அன்று கையளவு எண்ணிக்கையில் இருந்தபோது ஒரு பல்லி நூற்றுக்கணக்கான டொலர்களுக்கு விலைபோனது. இன்று உலகில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பல்லிகளில் இதுவும் ஒன்று. சாதாரண நிறமுள்ள குஞ்சொன்றை அமெரிக்காவில் 100 டொலருக்கும் குறைவாகவே வாங்கலாம். முப்பது ஆண்டுகளில் இந்த மாற்றம் எப்படி ஏற்பட்டது?

இலகுவான வளர்ப்பு, விரைவான பெருக்கம்

இந்தப் பல்லியை வளர்ப்பது கடினமான காரியமல்ல. 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை இதற்குப் போதும். குளிர் நாடுகளில் வீட்டின் சாதாரண அறையே இதற்கு உகந்த இடமாகிவிடுகிறது. பழங்களையும் புரதத்தையும் கல்சியத்தையும் கலந்து தயாரித்த மாவைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் நக்கி உண்ணும். உயிருள்ள பூச்சிகளைத் தினமும் தேட வேண்டியதில்லை. நல்ல பராமரிப்பில் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

பெண் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகள் இடும். ஆண்டில் எட்டு மாதங்கள் வரை, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு தடவை முட்டையிட்டுக்கொண்டேயிருக்கும். ஒருமுறை இணைந்தால், பின்னர் ஆண் அருகில் இல்லாமலே பல மாதங்களுக்குக் கருவுள்ள முட்டைகளை இடக்கூடியது.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் பல்லியிடமிருந்து ஆண்டுக்கு 10 குஞ்சுகள் தேறுகின்றன, அவற்றில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஆண்டளவில் அவை இனவிருத்திக்குத் தயாராகிவிடும். அந்த ஐந்தும் முட்டையிடத் தொடங்கினால் ஆண்டுக்கு 50 குஞ்சுகள். அவற்றிலுள்ள 25 பெண்களும் முட்டையிட்டால் ஆண்டுக்கு 250. இவையனைத்தும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நடந்துவிடும்.

சோடியாக வாங்கிச் செல்லும் வாடிக்கையாளர் அடுத்த ஆண்டே போட்டி வியாபாரியாகிவிடுகிறார். அரிசியோ துணியோ விற்பவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. உயிர்ப் பிராணிகளை விற்பவர் பொருளோடு சேர்த்து அதை உற்பத்தி செய்யும் இயந்திரத்தையும் கொடுத்துவிடுகிறார்.

புதிய நிறங்களின் ஓட்டம்

சாதாரணப் பல்லியின் விலை வீழ்ந்ததும் வளர்ப்பாளர்கள் புதிய நிறங்களின் பக்கம் திரும்பினர். லில்லி வைட் எனப்படும் வெண்ணிற வகை பிரித்தானியாவிலிருந்து சந்தைக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான டொலர்களுக்கு விற்கப்பட்டது. ஆனால் இந்த நிறம் தோன்றப் பெற்றோரில் ஒன்றிடம் அதற்கான மரபணு இருந்தால் போதும். லில்லி வைட்டைச் சாதாரணப் பல்லியோடு சேர்த்தால் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி அதே நிறத்தில் பிறக்கும். எனவே இதன் அருமையும் சில ஆண்டுகளில் குறையத் தொடங்கியது. இரண்டு லில்லி வைட்களை ஒன்றுசேர்ப்பதோ தவறு. அந்த மரபணுவை இரு பக்கமிருந்தும் பெறும் குஞ்சுகள், அதாவது ஏறத்தாழக் கால்வாசி, பிழைப்பதில்லை.

இதைவிடப் பெரிய நட்டம் லெப்பர்ட் கெக்கோ என்ற வேறொரு பல்லியில் ஏற்பட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேல் இந்தியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த இந்தப் பல்லியில் லெமன் ஃப்ரொஸ்ட் என்ற பளிச்சிடும் மஞ்சள் வகை தோன்றியபோது அதற்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. பின்னர் அவற்றின் தோலில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றலாயின. அந்த அழகிய நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே கட்டிகளுக்கும் காரணம் என்பதையும், இவ்வகைப் பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவற்றில் கட்டிகள் ஏற்படுவதையும் 2021 இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்கள் பலர் இனவிருத்தியையே நிறுத்த வேண்டியதாயிற்று. பிராணிகள் பட்ட வேதனை தனிக் கணக்கு.

நிலையான வருமானம் யாருக்கு?

இத்தனை ஏற்ற இறக்கங்களுக்கு மத்தியிலும் தொடர்ந்து வருமானம் கிடைப்பது உணவு மா, கல்சியத் தூள், கண்ணாடிப் பெட்டி, வெப்பமானி, அடைகாக்கும் கருவி போன்றவற்றைத் தயாரிப்போருக்கே. குஞ்சின் விலை குறையக் குறைய வளர்ப்போர் தொகை கூடுகிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் உணவு தேவைப்படுகிறது. வளர்ப்பாளர்களிலும், ஒவ்வொரு பல்லிக்கும் பெற்றோர் விபரம், பிறந்த திகதி, நிறை ஆகியவற்றைப் பதிந்து வைத்து, நோயற்ற பிராணியை உண்மை சொல்லி விற்பவர்களிடமே வாடிக்கையாளர்கள் திரும்ப வருகின்றனர்.

சட்டம் மீறினால்

மெதுவாகப் பெருகும் இனங்களின் விலை இலகுவில் வீழ்வதில்லை. அங்கேதான் கடத்தல்காரர்கள் நுழைகின்றனர். நியூஸிலாந்தின் பச்சைப் பல்லிகள் முட்டையிடுவதில்லை. பொதுவாக ஆண்டுக்கு இரண்டு குட்டிகளை மாத்திரம் ஈனும். 2009 டிசம்பரில் கிறைஸ்ட்சேர்ச் விமான நிலையத்தில் ஜேர்மனியர் ஒருவர் 44 பல்லிகளையும் அரணைகளையும் உள்ளாடைக்குள் மறைத்துக் கொண்டுசெல்ல முயன்று பிடிபட்டார். அடுத்த மாதம் அவருக்கு 14 வாரச் சிறைத்தண்டனை கிடைத்தது.

நம் நாட்டுக்கும் இது புதிய விடயமல்ல. இலங்கைக்கே உரிய ஓணான்கள் ஐரோப்பியச் சந்தைகளில் விற்பனைக்கு வந்ததையடுத்து, 2019 இல் ஜெனீவாவில் நடைபெற்ற சைட்டிஸ் மாநாட்டில் கொம்பு ஓணான் உட்படப் பல இனங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. நமது காடுகளிலுள்ள சிறு பல்லிகளில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1937 ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனஜீவராசிகள் தொடர்பான கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஊர்வனவற்றை நாட்டிலிருந்து கொண்டு செல்வதும் நாட்டுக்குள் கொண்டு வருவதும் குற்றமாகும். "காட்டில் பிடித்துக் கொடுங்கள், நல்ல விலை தருகிறோம்" என்று எவராவது அணுகினால் அதன் முடிவு நீதிமன்றம்தான்.

எந்தப் பிராணியை வளர்த்து விற்க எண்ணுபவரும் முதலிட முன்னர் மூன்று விடயங்களை விசாரித்துக்கொள்ள வேண்டும். சட்டம் அனுமதிக்கிறதா? ஆண்டுக்கு எத்தனை குஞ்சு பொரிக்கும்? வாங்குபவர் வளர்ப்பதற்காக வாங்குகிறாரா, அல்லது அவரும் விற்பதற்காகவே வாங்குகிறாரா? வாங்குவோரெல்லாம் விற்பவர்களாகவே இருந்தால், இன்றைய விலையை வைத்து நாளைய இலாபத்தைக் கணக்கிடாதீர்கள். பாதி விலைக்கு விற்க நேர்ந்தாலும் தீனிச் செலவு தேறுமா என்று பார்த்த பின்னரே கையில் உள்ள பணத்தை இறக்குங்கள்.